மனசு எங்கே போனாலும் காது தெருவில் இருக்கட்டும்

மேடவாக்கத்துத் தெருக்களில் தொடங்கி பெரும்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்த்துக்கொண்டு நடக்கிற சின்னக் கூட்டம் எங்களுடையது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் புதிதாகச் சிலர் வந்து சேருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், சமீபத்தில் ஓய்வு பெற்றவர்கள், சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னதால் வந்தவர்கள். இரண்டாவது வாரமே இவர்களில் பலர் என்னைத் தனியாக ஓரங்கட்டி ஒரே புகாரைச் சொல்வார்கள்: "சார், மனசு நிக்கவே மாட்டேங்குது. எதையோ நெனச்சுக்கிட்டே நடக்கறேன், பறவை போயிடுது." கூட்டத்தில் வயதில் மூத்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எண் போட்டு எழுதித் தருகிறேன். எண் வரிசைக்கு அர்த்தம் ஏதும் கிடையாது. ஞாபகம் வந்த வரிசைதான்.

1. மனசைக் கட்டிப்போட்டுக்கொண்டு வர வேண்டாம். இது தியான வகுப்பு இல்லை. விடிகாலையில், கையில் வேலை எதுவும் இல்லாமல், லேசாகப் பனி இறங்கிய தெருவில் நடந்தால் ஈ.எம்.ஐ. ஞாபகம் வரத்தான் செய்யும். பத்து வருடத்துக்கு முன்னால் மைத்துனர் சொன்ன சுடுசொல் வரும். மகளுக்கு வரன் பார்ப்பது வரும். வரட்டும். "நினைக்காதே, நினைக்காதே" என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டு நடப்பவரை நான் பார்த்திருக்கிறேன். முகமே சொல்லிவிடும். அவர் தலைக்கு மேலேயே கேபிள் ஒயரில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அவருக்குத் தெரியாது. உத்தரவு போடுவதிலேயே கவனம் முழுக்கச் செலவாகிவிடுகிறது.

2. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தாளில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். உங்கள் தெருவின் வழக்கமான சத்தங்களைக் காதால் மனப்பாடம் செய்யுங்கள். பெரிய பட்டியல் வேண்டாம். காகம், மைனா, கிளி, கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, வால்காக்கை, செம்போத்து, கரிச்சான், வெண்மார்பு மீன்கொத்தி. இவற்றோடு அணிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற எல்லாருமே அணிலின் "சிப், சிப், சிப்" கேட்டு வேப்பமரத்தில் பறவை தேடுவார்கள். அணில் முதல் பாடம்.

ஆள் சின்னதாக இருந்தால் குரலும் சின்னதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். தையல்சிட்டு கட்டைவிரல் அளவுதான், ஆனால் குரோட்டன்ஸ் செடிக்குள் இருந்துகொண்டு தெருமுனை வரை கேட்கக் கத்தும். மீன்கொத்தி என்றதும் தண்ணீரைத் தேட வேண்டாம். வெண்மார்பு மீன்கொத்திக்கு வெட்டுக்கிளியும் பல்லியும் ஓணானுமே போதும், ஏரியைவிட ஈ.பி. கம்பத்தில்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு குரலும் பழகிவிட்டால் என்ன ஆகும்? அவை உங்கள் கவனத்தைக் கேட்பதை நிறுத்திவிடும். அவை பாட்டுக்கு இருக்கும். அப்போது மனசு எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம், காது காவலுக்கு நிற்கும். தூங்குகிற தாய்க்கு வெளியே லாரி போவது கேட்காது, பக்கத்தில் பிள்ளை சிணுங்கினால் கேட்கும் அல்லவா, அப்படித்தான். வழக்கத்தில் இல்லாத ஒரு சத்தம் விழுந்த கணமே, மைத்துனரை அப்படியே விட்டுவிட்டுத் தலை தானாகத் திரும்பும். பழைய ஆட்கள் பேசிக்கொண்டே நடந்து நடுவில் சட்டென்று கை நீட்டுவதைப் பார்த்து வியக்கிறீர்களே, அதில் வித்தை எதுவும் இல்லை. வழக்கமானதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மனசு அலைவதால் பறவை தப்புவதில்லை. எது புதுச் சத்தம் என்று காதுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை, அதனால் தப்புகிறது.

3. வராத சத்தத்தையும் காது பழகும், ஆனால் அதற்கு நாளாகும். மார்கழியில் குயில் அநேகமாக வாய் திறக்காது. அதனால் குயில் ஊரில் இல்லை, கோடையில்தான் எங்கிருந்தோ வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது எங்கேயும் போகவில்லை. அரசமரத்தில் பழம் தின்றுகொண்டு சத்தமில்லாமல் இருக்கிறது.

4. மனசு ஆழமாக எங்கோ போயிருக்கும்போது உங்களை முதலில் இழுத்து வருவது பெரும்பாலும் கலவரச் சத்தம். அணில் நிறுத்தாமல் அடிக்கும், தையல்சிட்டு அதோடு சேரும், தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே சமயத்தில் கரகரக்கும், மைனா தொண்டையைக் கட்டிக்கொண்டு உறுமும். இத்தனையும் ஒரே மரத்திலிருந்து வந்தால் கீழே பூனையோ பாம்போ, இல்லை மேலே வைரியோ இருக்கிறது என்று பொருள். கத்துகிற பறவைகளைப் பார்க்க வேண்டாம். அவை எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கத்துகின்றன என்று பாருங்கள். வைரியாக இருந்தால், புறா அளவுகூட இருக்காத அந்தச் சாம்பல் நிற வேட்டைக்காரன் உள்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

ஒரு எச்சரிக்கை. கரிச்சான் வைரியைப் போலவே குரல் கொடுக்கத் தெரிந்தது. மைனாக்கள் பயந்து பறந்ததும் அவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்ளும். வைரி குரல் கேட்டு வைரியைக் காணோம் என்றால் கம்பியில் கரிச்சான் இருக்கிறதா என்று பாருங்கள். தன் காரியத்துக்காகப் பொய்க்குரல் கொடுப்பவர் யார் யார் என்று உங்கள் மனசு ஆபீஸுக்குப் போய்விடும். போய் வரட்டும்.

5. நேரத்துக்கு வாருங்கள். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் உதிக்கிறது. ஆறு மணிக்கே தெருவில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கோயில் ஒலிபெருக்கி எல்லாக் குரலையும் மூடிவிடும் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் சலித்துக்கொள்வதில்லை. அதில் ஒலிக்கிற திருப்பாவையில் தோழிகளை எழுப்பப் போகும் ஆண்டாள், விடிந்துவிட்டதற்கு முதல் அடையாளமாகப் பறவைகளின் சத்தத்தைத்தான் சொல்கிறாள். அடுத்த பாசுரத்தில் ஆனைச்சாத்தன் வருகிறது. உரைக்காரர்கள் அதை வலியன் என்பார்கள். வலியன் என்றால் கரிச்சான்தான் என்று பறவை தெரிந்த தமிழாசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருட்டு விலகுமுன்பே குரல் கொடுக்கிற வழக்கம் கரிச்சானுக்கு உண்டு என்பது மட்டும் நானே பார்த்தது. ஒலிபெருக்கி அந்தப் பாசுரத்தைப் பாடும்போது கம்பியில் கரிச்சானும் கத்தினால், யாரை முதலில் கேட்பது என்று உங்களுக்கே குழப்பம் வரும். இரண்டையும் கேளுங்கள்.

நேரத்துக்கு வரச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வரும். உடம்பில் அத்தனை நிறம் இருந்தும் சருகுக்குள் இறங்கிவிட்டால் கண்ணில் படாது. காலை ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், மாலையில் மறுபடி அடிக்கும், நடுவில் அமைதி. ஏழு மணிக்கு வந்து "எங்கே அங்கிள் ஆறுமணிக்குருவி?" என்று கேட்டால் நான் கடிகாரத்தைக் காட்டுவேன்.

6. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நடங்கள். கிழக்கு பார்த்த கிளைகளில்தான் முதல் வெயில் விழும். பூச்சி அங்கேதான் முதலில் அசையும், பறவையும் அங்கேதான் வரும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாம் காகம்தான். போகியன்று காலையில் வர வேண்டாம். புகையில் பக்கத்து வீடே தெரியாது.

7. வேலி ஓரத்தில் கேட்கும் "டக்… டக்…" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் தட்டினால் வருகிற சத்தம். ஐப்பசி முதல் பங்குனி வரை சென்னையில் புதர் இருக்கிற காலிமனைகள் பலவற்றிலும் கேட்கலாம். கதிர்க்குருவி இனம், பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத் என்பவரின் பெயர். பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, வேறு எந்த அடையாளமும் கிடையாது. கண்ணில் படவும் படாது. பைனாகுலரைத் தூக்கினால் இலை அசைந்திருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் இந்தப் பறவையை வெறுப்பார்கள். நான் இதைத்தான் முதலில் காட்டுவேன், அதாவது கேட்க வைப்பேன். எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். கோடையில் அது கூடு கட்டுகிற பிரதேசம் பால்டிக் கடலோரத்திலிருந்து ரஷ்யாவைத் தாண்டி சைபீரியா வரை நீள்கிறது. அங்கிருந்து கிளம்பி நம் தெருவில் சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக் பையும் பழைய சோபாவும் கிடக்கிற மனையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட பிறகு உங்கள் மனசு ரஷ்யாவுக்குப் போகாவிட்டால்தான் ஆச்சரியம். அப்படிப் போவதைக் கவனச்சிதறல் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பறவையை வேறு எப்படித்தான் பார்ப்பது?

அந்த மனைக்காரர் ஒருநாள் புல்டோசர் கொண்டுவருவார். அதுவும் நினைவுக்கு வரும். மனை அவருடையது, நாம் ஒன்றும் சொல்ல முடியாது. தெருவில் பொது இடமாகக் கிடக்கிற பூங்கா ஓரத்தையாவது "சுத்தம்" செய்துவிடாதீர்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன். புதரில் பாம்பு வரும் என்றார்கள்.

8. அலைகிற மனசைவிட ஆபத்தானது முன்கூட்டியே முடிவுகட்டிவிட்ட மனசு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ சூறைக்குருவிக் கூட்டம் பார்த்ததாகப் போட்டிருப்பார். மறுநாள் காலையில் மைனா எல்லாம் சூறைக்குருவியாகிவிடும். ஏரிக்கரையில் பெரிதாக எது பறந்தாலும் "கழுகு!" என்று ஒரு குரல் எழும். கொஞ்சம் பொறுங்கள். வால் நடுவில் பிளந்த மாதிரி இருந்தால் கரும்பருந்து. இறக்கை இரண்டையும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கோரைக்கு மேலே தாழ்வாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சலித்துக்கொண்டே போனால் குளிர்காலத்துக்கு வந்த சேற்றுப் பூனைப்பருந்து. கழுகுக்கு அவசரம் வேண்டாம். பெயரை வாயில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் கண் அந்தப் பெயரைத்தான் பார்க்கும். வேறு யோசனையில் இருந்தவரின் கண்ணுக்கு இந்த விஷயத்தில் ஆதாயம் அதிகம். அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

9. மனசு அலையலாம், விரல் அலையக் கூடாது. செல்போனை எடுத்தால் மனசு திரும்பி வருகிற வழி அடைபட்டுவிடுகிறது. நேற்றைய சண்டையை நினைத்துக்கொண்டு நடந்தவரை மாங்குயில் கூப்பிட்டு நிறுத்தும். ரீல்ஸ் பார்த்துக்கொண்டு நடந்தவரை மாடுதான் நிறுத்தும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற ஆப்பை நான் திட்டமாட்டேன், எனக்கே காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. ஆனால் முதலில் நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள், பிறகு அது சொல்லட்டும். தப்பானால் அந்தக் குரல் நினைவில் நிற்கும். ஆப்பில் இருக்கிற குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கிற வேலை மட்டும் எங்கள் கூட்டத்தில் வேண்டாம். எல்லை காக்க ஓடி வருகிற பறவைக்கு அது விளையாட்டு இல்லை.

பைனாகுலர் வாங்கப் போகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 8×42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும்.

10. பேச்சு. நம் மனசு மட்டும் அலைந்தால் நமக்குள் இருக்கும். வாய் வழியாக வந்தால் ஊரே கூட வரும். மனை விலையும் சர்க்கரை அளவும் நடையின் இயற்கை எதிரிகள். இவற்றுக்கு அடுத்தபடி சிட்டுக்குருவி. யாராவது ஒருவர் "செல்போன் டவர் வந்து சிட்டுக்குருவியே அழிஞ்சு போச்சு" என்று தொடங்குவார். 2018-இல் '2.0' படம் வந்த பிறகு இது சினிமா சாட்சியமும் சேர்ந்துகொண்ட விஷயமாகிவிட்டது. அவர்களுக்காக ஒரு தடவை எழுதிவைக்கிறேன். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்று சொன்னது. கோபுரம்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஓட்டு வீட்டில் இருந்த பொந்து கான்கிரீட் வீட்டில் இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி வேண்டும், செடி கொடி இல்லாத தெருவில் அது கிடைக்காது. மளிகைக் கடை வாசலில் சிந்திய தானியம் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. இவற்றைத்தான் தெரிந்தவர்கள் முன்னால் வைக்கிறார்கள். கோபுரத்தைத் திட்டுவது சுலபம், நம் வீட்டு டைல்ஸ் தரையைத் திட்டுவது கஷ்டம்.

11. "அந்தக் காலத்தில்" என்று தொடங்குகிற எண்ணம் என் வயதுக்காரர்களுக்கு வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம் இது. சதுப்பின் பெரும் பகுதி சாலையாகவும் கட்டடமாகவும் குப்பைமேடாகவும் மாறியதை நேரிலேயே பார்த்தவர்கள் நாங்கள். மிச்சம் இருப்பதற்கு 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது. வேடந்தாங்கல், கூந்தன்குளம் எல்லாம் அதே ஆண்டில்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. எங்களில் யாராவது புலம்பினால் இளையவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை இருந்துச்சு சார்? எழுதி வெச்சிருக்கீங்களா?" பெரும்பாலும் இருக்காது. இப்போது உங்கள் கையில் பறவைப் பட்டியல் பதிகிற இ-பேர்ட் ஆப் இருக்கிறது, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று கடைசியில் அது கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்கிற மாதிரி பட்டியல் போடுங்கள். அழகான பறவையை மட்டும் எழுதி மைனாவை விட்டுவிட்டால், வராத பறவை உண்மையில் வரவில்லையா, நீங்கள் எழுதவில்லையா என்று இருபது வருடம் கழித்து யாருக்கும் தெரியாது.

குறைவைப் பார்த்ததும் அழிவு என்று ஓடவும் வேண்டாம். நல்ல மழை பெய்து ஏரி ததும்புகிற வருடத்தில் உள்ளான்களும் மூக்கன்களும் மார்கழியில் குறைவாகவே தெரியும். அவற்றின் கால் உயரத்துக்குத் தண்ணீர் ஆழம். சேறும் ஆழமில்லாத ஓரமும் இருந்தால்தான் அவற்றால் நின்று மேய முடியும். தை, மாசியில் தண்ணீர் வற்றி விளிம்பு தெரிய ஆரம்பித்ததும் அதே ஏரியில் பொரி உள்ளானும் பவளக்காலியும் வந்து நிற்கும். அதுவரை நாமக்கோழியையும் ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் பாருங்கள்.

12. கூட வருகிறவர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் காரணம் கேட்க வேண்டாம். எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு அம்மா, தை அமாவாசை நெருங்கும் வாரங்களில் காகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பின்தங்குவார். படையல் வைத்த சோற்றைக் காகம் எடுக்கிற வரை வீட்டில் யாரும் சாப்பிடாத வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு காகமும் வெறும் காகமாக இருக்க முடியாது. புதிதாக வந்த தம்பி ஒருவர் அவரிடம் போய், கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காகம், உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்து இருந்தால் அண்டங்காக்கை என்று விளக்கினார். விவரம் சரிதான். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் அந்த நேரத்தில் நான்கு அடி தள்ளி நடந்திருக்கலாம்.

13. வீட்டு ஜன்னல் பக்கம் பைனாகுலரைத் திருப்பாதீர்கள், தேன்சிட்டே உட்கார்ந்திருந்தாலும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு தடவை அவரையும் பார்க்க விடுங்கள். இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர்தான்; கூகை எந்த மாடியில் உட்காருகிறது என்று நம் எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். நாய்களுக்கு பிஸ்கட். குல்லா போட்டு வருகிறவர்களை யாரும் கேலி செய்யக் கூடாது. வெளியூர்க்காரர்களுக்கு இருபது டிகிரி குளிர் இல்லைதான், நமக்குக் குளிர்.

14. சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் பதிவது வேறு, இது வேறு. பறவை, இடம், எண்ணிக்கை, பக்கத்தில் ஓரமாக ஒரே ஒரு சொல்: அந்தப் பறவை குறுக்கிட்டபோது எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று. "பஞ்சுருட்டான், ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பி, 6: லைசென்ஸ் புதுப்பிப்பு." "பழுப்புக் கீச்சான், காலிமனை, 1: அத்தை." "காட்டு வாலாட்டி, பூங்கா, 1: ஒன்றுமில்லை." மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது ஒன்று மட்டும் பக்கவாட்டில் ஆட்டும் என்பதையும் அங்கேயே எழுதலாம். இரண்டு மூன்று குளிர்காலம் போனதும் நோட்டைப் புரட்டினால் நன்றாகச் சிரிப்பு வரும். இன்னொன்றும் தெரியவரும். எப்படிப்பட்ட பெரிய கவலையையும் வெட்டிவிட்டு உங்களைத் திரும்ப வைத்த பறவைகள் பெரும்பாலும் சாதாரணமானவையாக இருக்கும். பூநாரையைப் பார்க்க எல்லாரும் தயாராகத்தான் போகிறார்கள்.

இதில் ருசி வந்தால் மா. கிருஷ்ணனைப் படியுங்கள். 1950-இல் தொடங்கி 1996-இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டே இருந்தவர். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில். ஞாயிறு நடை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் ஒரு கட்டுரை படித்துவிடலாம்.

15. பொங்கல் நான்கு நாளும் ஊருக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். போகிற இடத்தில் செய்யுங்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. ஏரிக்கரை வேண்டாம், கூட்டம் வேண்டாம், எங்கே இருக்கிறீர்களோ அங்கே பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டில் ஏற்றினால் போதும். வீட்டில் கணுப்பிடி வைக்கிற வழக்கம் இருந்தால் மாட்டுப் பொங்கல் காலையில் உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். அம்மாவோ அக்காவோ மொட்டை மாடியில் மஞ்சள் இலையில் சாத உருண்டைகளை வைத்துவிட்டு இறங்கியதும் நீங்கள் இறங்கிவிடாதீர்கள். ஓரமாக நின்று யார் முதலில் வருகிறார்கள், எத்தனை பேர் என்று எழுதுங்கள். காகம், மைனா, அணில் (அணிலைப் பட்டியலில் சேர்க்க முடியாது, நோட்டில் சேர்க்கலாம்). அண்ணன் தம்பிகளை நினைத்து வைத்த சோறு என்பதால் மனசு கட்டாயம் எங்காவது போகும். போனாலும் கையில் பேனா இருக்கட்டும். காகத்துக்கு நேராக "நிறைய" என்று எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.